ராத்திரி எதுக்களிப்பும் இருமலும்: இடப்பக்கம் செயலிழந்தவரை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வில் படுக்க வைப்பது?

தேன்மொழி_ஹோம்கேர்

வீட்டுப் பராமரிப்பில் இருக்கும் 74 வயது அம்மா. நாலு மாதம் முன்னாடி பக்கவாதம் வந்து இடது கை, கால் செயல் குறைஞ்சிருக்கு. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியா இரைப்பைக்குப் போகும் உணவுக் குழாய்) எடுத்தாச்சு. இப்போ குழைச்ச சாப்பாடு வாய் வழியாத்தான். தண்ணியில் மட்டும் திக்கனர் (கெட்டியாக்கும் பொடி) கலந்து கொடுக்கச் சொல்லியிருக்காங்க. சர்க்கரை, பி.பி. ரெண்டும் உண்டு.

ராத்திரி சாப்பாடு எட்டரைக்கு. ஒன்பதரைக்கு ஒரு டம்ளர் பால். பத்து மணிக்குள் படுக்கை. பன்னிரண்டு, ஒரு மணிக்கு மேல் புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருது, இருமல் வருது, "நெஞ்சு எரியுது"ன்னு எழுந்துக்கறாங்க. தலையணை மூணு வெச்சோம், குறையல. கிராங்க் கட்டிலில் (கைப்பிடி சுத்தித் தூக்கும் கட்டில்) தலைப்பக்கம் தூக்கினா ஒரு மணி நேரத்தில் கீழே சறுக்கிடறாங்க. வால் எலும்புப் பக்கம் சிவக்கவும் ஆரம்பிச்சிருக்கு.

காலை எட்டரைக்கு டிபனோட கொடுக்கிறவை: பான்டோபிரசோல் 40 (பான் 40, அமிலத்துக்கு), அம்லோடிபின் 5 (பி.பி.க்கு), குளோபிடோக்ரெல் 75 (ரத்தம் உறையாம இருக்க), மெட்ஃபார்மின் 500 (சர்க்கரைக்கு), இரும்புச்சத்து மாத்திரை. ராத்திரி மெட்ஃபார்மின் 500 இன்னொண்ணு. ஞாயிற்றுக்கிழமை அலெண்ட்ரோனேட் 70 (எலும்புக்கு). எரியுதுன்னு சொன்னா வீட்டுக்காரங்க ஜெலுசில் ஊத்திடறாங்க.

கேள்விகள்: கட்டிலை எவ்வளவு தூக்கணும், சறுக்காம எப்படி வைக்கிறது? எதுக்களிப்புக்கு இடப்பக்கம் படுக்கச் சொல்றாங்க, ஆனா செயலிழந்த பக்கமே இடதுதானே? "பான் 40 வேலை செய்யல, ஓமெப்ரசோல் மாத்துங்க"ன்னு வீட்டில் கேட்கிறாங்க, சரியா?

---

வார்டு_செவிலி

சிஸ்டர், முதலில் இருமல் எப்போ வருதுன்னு ரெண்டு நாள் நேரம் போட்டு எழுதுங்க. பக்கவாத நோயாளிக்கு ரெண்டு விதமா இருமல் வரும். வாயில் கவளம் இருக்கும்போதே, இல்ல விழுங்கின ஓரிரு நிமிடத்தில் இருமினாலோ, குரல் தண்ணி கோத்த மாதிரி கரகரன்னு மாறினாலோ அது விழுங்குவதில் உள்ள கோளாறு. ஸ்பீச் தெரபிஸ்ட்டை (பேச்சு, விழுங்கும் பயிற்சி தருபவர்) மறுபடி பார்க்கச் சொல்லணும், சாப்பாட்டின் பதத்தை மாத்த வேண்டியிருக்கும். படுத்து ஒரு மணி, ரெண்டு மணி கழிச்சு புளிப்போட வந்தா அது எதுக்களிப்பு. நீங்க சொல்றது பெரும்பாலும் ரெண்டாவது. ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

வீட்டுக்காரங்களுக்கு நீங்க தெளிவா சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பான்டோபிரசோல் அமிலம் சுரப்பதைத்தான் குறைக்கும். இரைப்பையில் இருப்பது மேலே ஏறுவதை அது தடுக்காது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கிற சுருக்குத்தசை நேரங்கெட்ட நேரத்தில் தளர்வதால்தான் எதுக்களிப்பு. இரைப்பை நிறைஞ்சு விரிஞ்சா அந்தத் தளர்வு அடிக்கடி வரும், வயித்துக்குள் அழுத்தம் கூடினா உள்ளே இருப்பது மேலே தள்ளப்படும். மாத்திரை சரியா வேலை செய்தாலும் அமிலம் குறைஞ்ச திரவம் தொண்டைக்கு வரத்தான் செய்யும், இருமல் இருக்கும், நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் இருக்கும். எரிச்சலுக்கு மாத்திரை. ஏறாமல் வைத்திருக்க வேண்டியது படுக்கையும் சாப்பாட்டு நேரமும். இந்த அம்மாவுக்கு ரெண்டாவதுதான் சரியா அமையல.

மூணு தலையணை வேண்டவே வேண்டாம். அது கழுத்தையும் மேல் முதுகையும் மட்டும் தூக்கும், உடம்பு இடுப்பில் மடங்கும், வயித்தை அமுக்கும். எதுக்களிப்பு கூடத்தான் செய்யும்.

கிராங்க் கட்டிலில் 30 டிகிரி போதும். கட்டிலில் கோண அளவு இருக்காது. சாய்வுப் பகுதியின் நீளத்தை அளந்து அதில் பாதி உயரத்துக்குத் தலைமுனை எழும்பினா சரியா 30 டிகிரி. 70 செ.மீ. நீளம்னா 35 செ.மீ. உயரணும். எதுக்களிப்புக்கு 45 இன்னும் நல்லதுதான், ஆனா அந்தக் கோணத்தில் இடுப்பெலும்புப் பக்கம் தோல் இழுபடும். ஏற்கெனவே சிவந்திருக்கிற இடத்துக்கு ராத்திரி முழுக்க அது ஆகாது. சாப்பிடும்போதும் அதன் பிறகு ஒரு மணி நேரமும் நல்லா நிமிர்ந்து உட்காரட்டும், முடிஞ்சா நாற்காலியிலேயே.

சறுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆளைக் கிடத்தும் இடம். கட்டில் மடியும் கீலுக்கு நேரா அவங்க இடுப்பு மூட்டு வரணும். ஒரு சாண் கீழே இருந்தாலும் தூக்கும்போது வயிறு மடங்கும், ஆள் வழுக்குவாங்க. அதனால் வரிசை இப்படி:

கட்டிலைத் தட்டையாக்கி, ரெண்டு பேர் சேர்ந்து டிரா ஷீட்டை (இடுப்புக்குக் கீழே குறுக்கே விரிக்கும் துணி) பிடிச்சு மேலே நகர்த்துங்க. தரதரன்னு இழுக்காதீங்க, தூக்கி நகர்த்தணும். பிறகு முழங்கால் பக்கத்தைக் கொஞ்சமா, 10, 15 டிகிரி மட்டும் தூக்குங்க. அதுக்கு அப்புறம்தான் தலைப்பக்கம். முழங்காலை ரொம்ப ஏத்தினா தொடை வயித்தை அமுக்கும், செய்ததெல்லாம் வீண். தலை தூக்கி முடிச்சதும் அவங்களை ஒரு நொடி முன்னால் சாய்ச்சு, முதுகைப் படுக்கையிலிருந்து விடுவிச்சு, மறுபடி சாயவிடுங்க. தூக்கும்போது இழுபட்ட தோல் அப்போதான் தளரும். இந்த ஒரு வேலையைப் பலர் விட்டுடறாங்க, சிவப்புக்கு அதுவும் ஒரு காரணம். குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே மெத்தென்று ஒரு தலையணை.

அந்தச் சிவப்பை விரலால் மூணு நொடி அழுத்தி எடுத்துப் பாருங்க. வெளுத்துத் திரும்பச் சிவந்தா அழுத்தத்தைக் குறைச்சாலே போயிடும். வெளுக்காம அப்படியே இருந்தா அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. டாக்டருக்குச் சொல்லுங்க, அந்த இடத்தைத் தேய்க்காதீங்க.

சக்கரமில்லாத சாதாரண மரக்கட்டிலா இருந்தா தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. கட்டை வைக்கிறது இன்னும் நல்ல வழி. ஆறரை அடிக் கட்டிலில் 20 செ.மீ. தூக்கினா சுமார் 6 டிகிரிதான் சரிவு வரும், ஆனா உடம்பு எங்கேயும் மடங்காது. சக்கரக் கட்டிலுக்குக் கட்டை வைக்கவே கூடாது, உருண்டா ஆபத்து.

சாப்பாட்டு நேரம். எட்டரைக்குச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் பால் குடிச்சு, பத்துக்குப் படுத்தா இரைப்பை நிறைஞ்சபடியேதான் படுக்கிறாங்க. சர்க்கரை பல வருஷமா இருந்தா இரைப்பை காலியாக இன்னும் தாமதமாகலாம். கடைசிச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடியட்டும், படுப்பதற்கு முன் மூணு மணி நேரம் கிடைக்கும். மூணு வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரிங்க. ராத்திரி வேளைதான் இருப்பதிலேயே சின்னதா இருக்கணும். பால் குடிச்சதும் இதமா இருக்கும். ஆனா அதில் உள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டும், ஒரு மணி நேரத்தில் எரிச்சல் திரும்பும். அதை மாலை ஐந்துக்கு நகர்த்துங்க. இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ போகிற ஆளா இருந்தா டாக்டரைக் கேட்காம ராத்திரிப் பாலை நிறுத்தச் சொல்ல மாட்டேன், விடியற்காலை சர்க்கரை இறங்கிடும். மெட்ஃபார்மின் மட்டும்னா அந்தப் பயம் மிகக் குறைவு. இருந்தாலும் மாத்தின முதல் சில நாள் காலைச் சர்க்கரையைப் பாருங்க.

சாப்பாட்டில் பெரிய பட்டியல் தேவையில்லை. எண்ணெயில் பொரிச்சது, தேங்காய்ப்பால், காபி, புளிக்குழம்பு, தக்காளி, ஊறுகாய் இவற்றை ராத்திரி வேளையிலிருந்து முதலில் எடுங்க. மற்றதை அவங்களுக்கு எது ஒத்துக்கலையோ அதைப் பார்த்து நிறுத்தினா போதும். எல்லாத்தையும் நிறுத்தினா வயசானவங்க சாப்பிடுவதையே குறைச்சிடுவாங்க, எடை இறங்கிடும்.

இன்னும் ரெண்டு. பாவாடை நாடாவும் டயப்பர் ஒட்டும் இடுப்பில் இறுக்கமா இருக்கான்னு பாருங்க, ரெண்டு விரல் தாராளமா நுழையணும். மலச்சிக்கல் இருந்தா முக்குவதும் வயித்து அழுத்தம்தான். இரும்புச்சத்து மாத்திரை போகிறவங்களுக்கு அது சகஜம், கேட்டுப் பாருங்க.

---

இயன்முறை_கதிர்

இடப்பக்கக் கேள்விக்கு மட்டும் என் பதில். இடது பக்கம் படுத்தால், உணவுக்குழாய் இரைப்பையில் திறக்கும் வாய்க்குக் கீழே இரைப்பை தங்கும், திரவம் அடியில் நிற்கும், வாய்ப்பக்கம் காற்று மட்டும் இருக்கும். வலது பக்கம் படுத்தால் திரவம் நேராக அந்த வாய்க்கு வந்து நிற்கும். எனவே சாப்பிட்ட முதல் சில மணி நேரங்களில் வலது பக்கத்தைத் தவிர்ப்பது முக்கியம்.

செயலிழந்த பக்கம் படுக்கவே கூடாது என்பதில்லை. முறையாகப் படுக்க வைத்தால் அந்தப் பக்கத்து உணர்வுக்கும் அது நல்லது. தவறாக வைத்தால் தோள் கெடும். உடம்பு தோளின் மேல் நேராக ஏறக் கூடாது. இடது தோள்பட்டை எலும்பின் பின்னால் உங்கள் உள்ளங்கையை வைத்து, தோளை முன்னே கொண்டு வந்து, கை உடம்புக்கு முன்னால் நீண்டு, உள்ளங்கை மேல் நோக்கி இருக்கும்படி வையுங்கள். கையைப் பிடித்து இழுத்து நகர்த்த வேண்டாம். முதுகுக்குப் பின் நீளத் தலையணை வைத்து முழுப் பக்கவாட்டாக இல்லாமல் கொஞ்சம் பின்சாய்வாக, 30 டிகிரி திருப்பத்தில் விடுங்கள். இடுப்பு எலும்பு நேரடியாக அழுந்தாது. வலது காலை மடக்கித் தலையணை மேல் முன்னால் வையுங்கள்.

உணர்வு குறைந்த பக்கம் என்பதால் வலித்தாலும் அவர் சொல்ல மாட்டார். ஒரு மணி நேரத்தில் தோள், இடுப்பு, கணுக்கால் மூன்றையும் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் அதிகபட்சம் இரண்டு மணி வரை போகலாம். தோள் வலி ஏற்கெனவே இருந்தால் இடப்பக்கம் வேண்டாம். தலை உயர்த்தி மல்லாந்த நிலையே சரி. அப்போதும் தலை மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பி இருக்கட்டும், வாயில் வருவது வெளியே வழியும்.

---

மருந்தாளுநர்_பாரி

மாத்திரை நேரம்தான் இங்கே பெரிய பிழை. பான்டோபிரசோல் சுரப்பில் ஈடுபட்டிருக்கும் அமிலப் பம்புகளை மட்டுமே அடைக்கும். சாப்பாடுதான் அவற்றை இயக்குகிறது. ரத்தத்தில் மருந்து ஓரிரு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே சாப்பாடு வரும்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்: 30 முதல் 60 நிமிடம் முன்னால். டிபனோடு கொடுத்தால் நல்ல பங்கு வீணாகிறது. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஒரே இரவில் "கேட்கவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

காலை 7.45-க்கு மாத்திரை, 8.30-க்கு டிபன் என்று மாற்றுங்கள். தொல்லை இரவில் மட்டும் என்றால் அதே மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். உடைக்காமல், பொடிக்காமல் முழுதாகக் கொடுங்கள்; மேல் பூச்சு போனால் இரைப்பை அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். தண்ணீரில் விழுங்கச் சிரமமென்றால் ஒரு ஸ்பூன் குழைந்த கஞ்சியில் முழு மாத்திரையை வைத்துக் கொடுக்கலாம்.

ஓமெப்ரசோலுக்கு மாற்றவே வேண்டாம். குளோபிடோக்ரெல் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். ஓமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அந்த நொதியைத் தடுக்கின்றன. பக்கவாதம் மறுபடி வராமல் இருக்கக் கொடுக்கும் மருந்து பலவீனமாகும். பான்டோபிரசோலில் இந்தத் தடை மிகக் குறைவு. மருத்துவர் அதை எழுதியதற்குக் காரணம் இருக்கிறது.

அலெண்ட்ரோனேட்தான் எனக்குக் கவலை தருகிறது. அதை வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர், 200 மி.லி. அளவு வெறும் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது 30 நிமிடம் நிமிர்ந்து உட்கார வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். இவருக்குத் திக்கனர் இல்லாத தண்ணீரே கூடாது, எதுக்களிப்பும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வருவதற்குள் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவர் பதில் வரும்வரை கொடுக்காதீர்கள். எலும்புக்கு வேறு மாற்று உண்டு.

அம்லோடிபின் உணவுக்குழாயின் சுருக்குத்தசையையும் கொஞ்சம் தளர்த்தும். நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் எதுக்களிப்பு இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். தூக்க மாத்திரை ஏதாவது சேர்த்தாலும் அப்படித்தான். அது தசையையும் தளர்த்தும், இருமும் அனிச்சையையும் மழுங்கடிக்கும்.

கடையில் கேட்டால் டோம்பெரிடோன் கலந்த காப்ஸ்யூலைத் தந்துவிடுவார்கள். 60 வயதுக்கு மேல் அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் ஆபத்து கூடும். ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், 10 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளைக்கு மேல் போகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்குள் என்று சுருக்கியது. ஈ.சி.ஜி. பார்க்காமல் வீட்டுக்காரர்களாக வாங்கக் கூடாது.

---

புதுச்செவிலி_அனு

நடுவில் கேட்கிறதுக்கு மன்னிக்கணும் அக்கா. நான் பார்க்கிறவருக்கு இன்னும் ரைல்ஸ் டியூப் இருக்கு. இதே மாதிரி எதுக்களிப்பு. பான் மாத்திரையைப் பொடிச்சுத்தான் போடறோம். ஃபீட் (டியூப் வழியாத் தரும் திரவ உணவு) போடும் முறையில் என்ன பார்க்கணும்?

---

ஐசியூ_செவிலி

அனு, டியூப் இருப்பதே சுருக்குத்தசையைக் கொஞ்சம் திறந்து வைக்கும், அதனால் இவங்களுக்கு எதுக்களிப்பு எளிது. ஒவ்வொரு ஃபீடுக்கும் முன்னால் மூக்கருகே டியூபின் அடையாளக் கோடு அதே இடத்தில் இருக்கான்னு பாருங்க. சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி பி.எச். தாளில் (அமில அளவு காட்டும் தாள்) தொட்டா 5.5 அல்லது கீழே வரணும். பான்டோபிரசோல் போகிறவங்களுக்கு அதைவிடக் கூடுதலாவும் காட்டும். அப்படி வந்தா ஃபீட் போடாம நிறுத்தி டாக்டரைக் கேளுங்க, சந்தேகமிருந்தா எக்ஸ்ரேதான் முடிவு. காற்றை அடிச்சு ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதை நம்பாதீங்க. டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி, ஃபீட் முடிஞ்சு ஒரு மணி நேரம் வரை. ஒரு தடவைக்கு 200, 250 மி.லி., பிஸ்டன் போட்டுத் தள்ளாம, சிரிஞ்சைத் தூக்கிப் பிடிச்சுத் தானாக இறங்கவிட்டு 15, 20 நிமிடத்தில் முடியணும். ஐந்து நிமிடத்தில் இறங்கினா சிரிஞ்சைத் தாழ்த்துங்க. முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணி. சக்ஷன் (சளி உறிஞ்சுதல்), முதுகு தட்டுதல், டயப்பர் மாற்றம் எல்லாம் ஃபீடுக்கு முன்னாடியே. ஃபீட் போட்ட உடனே ஆளைத் தட்டையாக்கித் துணி மாத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

உறிஞ்சும்போது நிறைய வந்தா உடனே ஃபீடை நிறுத்தணும்னு பழைய வழக்கம் இருக்கு. 2016-இல் வந்த அமெரிக்க ஊட்ட வழிகாட்டுதல் ஐ.சி.யு.-வில்கூட எச்ச அளவை (இரைப்பையில் மீந்திருக்கும் ஃபீடின் அளவை) வழக்கமாப் பார்க்க வேண்டாம்னுதான் சொல்லுது. வயிறு உப்பல், வாந்தி, குமட்டல், மலம் போகாமை, இவற்றைச் சேர்த்துப் பாருங்க. இவை இருந்தா அடுத்த ஃபீடுக்கு முன்னாடி டாக்டருக்குச் சொல்லுங்க. அளவைக் குறைச்சு தடவைகளைக் கூட்டினாலே பலருக்குச் சரியாகும்.

பான் மாத்திரையைப் பொடிப்பதை இன்றைக்கே நிறுத்துங்க, காரணம் மேலே பாரி சொல்லிட்டார். வாயில் கரையும் லான்சோபிரசோல் மாத்திரையைத் தண்ணியில் கலந்து டியூபில் போடலாம்: 15 மி.கி.-க்கு 4 மி.லி., 30 மி.கி.-க்கு 10 மி.லி., கலந்த 15 நிமிடத்துக்குள், 8 பிரெஞ்சு (டியூபின் தடிமன் அளவு) அல்லது பெரிய டியூபில். மாத்தி எழுத வேண்டியது டாக்டர்.

---

தேன்மொழி_ஹோம்கேர்

நேரம் எழுதிப் பார்த்தேன். சாப்பிடும்போது இருமல் இல்லை, குரலும் மாறல. படுத்த பிறகுதான். அலெண்ட்ரோனேட்டை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டார் டாக்டர். ரெண்டு சந்தேகம். ஜெலுசிலை மத்த மாத்திரையோட எவ்வளவு இடைவெளியில் கொடுக்கணும்? நெஞ்சு எரியுதுன்னு சொன்னா அது இதயமா இருக்காதுன்னு எப்படி நம்பறது?

---

வார்டு_செவிலி

நம்பக் கூடாது, அதுதான் பதில். சர்க்கரை, பி.பி., பக்கவாதம் மூணும் உள்ள 74 வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு "கேஸ்" மாதிரியே வரும். ஜெலுசில் கொடுத்ததும் குறைஞ்சதுங்கிறதை வெச்சு இதயமில்லைன்னு சொல்லவே முடியாது. வழக்கமான நேரத்தில், படுத்ததும் வந்து, நிமிர்த்தினா ஐந்து பத்து நிமிடத்தில் தணிகிற எரிச்சல் எதுக்களிப்புக்குப் பொருந்தும். வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவுதல், திடீர்னு தளர்ந்து போதல், இல்ல வழக்கத்துக்கு மாறான நேரத்தில் வந்து நிமிர்த்தியும் தணியாமை, இதில் ஒண்ணு இருந்தாலும் 108. ஆஸ்பத்திரி சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கணும்னு கேளுங்க.

எதுக்களிச்சு மூச்சு திணறினா உடனே பக்கவாட்டில் திருப்பி, விரலில் துணி சுத்தி வாயைத் துடைச்சு எடுங்க. தண்ணி கொடுக்காதீங்க. அடுத்த ரெண்டு நாள் காய்ச்சலும் மூச்சு எண்ணிக்கையும் பாருங்க. நிமிடத்துக்கு 24-க்கு மேல் போனாலோ ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ நுரையீரலுக்குள் போயிருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

குளோபிடோக்ரெல் போகிறதால் மலத்தையும் பாருங்க. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கரும்பச்சையா, உருவத்தோட இருக்கும். தார் மாதிரி ஒட்டி, மோசமா நாறினா ரத்தக் கசிவு. காபித்தூள் நிற வாந்தி, விழுங்கும்போது வலி அல்லது அடைப்பு, எடை இறங்குதல், ரத்தசோகை கூடுதல், இவற்றுக்கு எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம். மாத்திரையை மாத்திப் பார்த்து நாள் கடத்தாதீங்க.

வாய்ச் சுத்தம் விடாதீங்க. வாயில் கிருமி குறைவா இருந்தா உள்ளே போனாலும் நிமோனியா வரும் வாய்ப்பு குறையும். ஆனா எதுக்களிச்ச உடனே பிரஷ் போட வேண்டாம், அமிலம் பட்ட பல் எனாமல் தேயும். ஈரத்துணியால் துடைச்சுவிட்டு அரை மணி கழிச்சு பிரஷ் பண்ணுங்க.

---

மருந்தாளுநர்_பாரி

ஜெலுசில் மாதிரி அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்து 10 மி.லி., சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ படுக்கும்போதோ கொடுத்தால்தான் இரைப்பையில் நிற்கும். வெறும் வயிற்றில் அரை மணியில் இறங்கிவிடும். திரவம் மெலிதாக இருப்பதால் இவருக்கு அதையும் தெரபிஸ்ட் சொன்ன பதத்துக்குக் கொண்டு வந்தே கொடுக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி இடைவெளி. சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளோக்சசின் எழுதினால் அதை ஜெலுசில் போன்ற ஆண்டாசிடுக்கு (அமிலமுறிவு மருந்து) இரண்டு மணி முன் அல்லது ஆறு மணி பின் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக் உடம்பில் ஏறாது. தைராய்டு மாத்திரை பின்னால் சேர்ந்தால் நான்கு மணி. கிரியேட்டினின் (சிறுநீரகச் செயலைக் காட்டும் ரத்த அளவு) கூடியிருந்தால் மக்னீசியம் உடம்பில் தேங்கும், தினமும் கொடுக்கக் கூடாது. ஈனோ போன்ற சோடா உப்பு வேண்டாம், பி.பி. உள்ளவருக்கு அதில் இருக்கும் சோடியம் அதிகம்.

இரும்புச்சத்து மாத்திரையை டிபன் நேரத்திலிருந்து பிரித்துப் பகல் 11 மணிக்கு வையுங்கள், உட்கார்ந்த நிலையில். அதுவும் உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும் வகைதான். மெட்ஃபார்மின் இரண்டு வேளையும் சாப்பாட்டோடு அப்படியே இருக்கட்டும். ராத்திரி வேளை ஏழு மணிக்கு நகர்ந்தால் மாத்திரையும் கூடவே நகரும். நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள், பகல் பணிக்கு வேறு ஆள் வந்தாலும் மாறாது. எட்டு வாரம் ஆனதும் பான்டோபிரசோல் தொடர வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குளோபிடோக்ரெல் இருப்பதால் இரைப்பையைக் காக்கத் தொடரச் சொல்லவும் கூடும். நிறுத்தச் சொன்னால் திடீரென்று வேண்டாம். சில வாரம் அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கும், படிப்படியாகக் குறைக்கும் முறையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட காலம் தொடர்ந்தால் வைட்டமின் பி12-ஐயும் மக்னீசியத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும், இவர் இரண்டையும் சேர்த்து எடுக்கிறார்.